பெயர் ஒன்றுதான், ஊர் வேறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். வழக்கம்போல "சார் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டார்" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் கடைசி வரை படியுங்கள். உங்களில் பாதிப் பேர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். மீதிப் பேர் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் பரணில் கிடக்கிறது. இரண்டு தரப்புக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் லேப்டாப்பை நான் கெடுத்துவிட்டேன். அவள் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நாலு நாளில் அவளுக்கு செய்முறைத் தேர்வு. ரெக்கார்டுக்கான புரோகிராம் எல்லாம் அதற்குள் இருந்தது.

அந்த லேப்டாப்பின் கதையையும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். வகுப்பு ஆசிரியர் என்ற முறையில் பட்டியலை வைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அவளுடைய அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் அப்படி வாங்கியதுதான் இது. அந்த ஆரம்பக் கால மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் சேர்ந்தே வரும். பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனத்தில், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய நம் நாட்டு இயங்குதளம். பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். அண்ணன் இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். அம்மாவும் அதே துறைதான், அப்பர் தைக்கிறார். லேப்டாப் தங்கைக்கு வந்துவிட்டது. விண்டோஸ் நகரவே மறுத்ததால் அவள் பாஸில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

என் வீட்டில் இருக்கும் கணினி, 1998ஆம் ஆண்டு பேட்ச் பிள்ளைகள் நான் ஓய்வு பெற்றபோது வாங்கிக் கொடுத்தது. உபுண்டு 22.04 போட்டிருக்கிறது. சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்து அதில்தான் புரோகிராம் எழுதுவாள். அதில் ஜீனி என்று ஒரு எடிட்டர், அவளுக்குப் பிடித்துவிட்டது. "சார், இதையே நம்ம லேப்டாப்லயும் போட்டுக் குடுங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல அம்மா வெளிய விடமாட்டாங்க" என்றாள். நியாயமான கோரிக்கை.

அவள் வீட்டில் இணையம் என்றால் அண்ணனின் செல்போன் டேட்டாதான். அதை ஏன் செலவழிக்க வேண்டும் என்று நினைத்தேன். என் கணினியும் லினக்ஸ், அவளுடையதும் லினக்ஸ். என்னுடையது டெப் பேக்கேஜ், அவளுடையதும் டெப் பேக்கேஜ். என் கணினியில் அந்த எடிட்டரின் பேக்கேஜையும், அது கேட்கும் லைப்ரரி பேக்கேஜ்களையும் இறக்கி, பென்டிரைவில் போட்டு அவள் லேப்டாப்பில் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். நாற்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், கொடுக்கப்பட்டவை எவை என்று எழுதாமலே விடைக்குப் போனேன்.

முதல் பிழைச் செய்தி வந்தது. பேக்கேஜுக்குள் இருக்கும் ஒரு பகுதி எனக்குப் புரியவில்லை என்றது லேப்டாப். காரணம் எளிது. உபுண்டு 21.10லிருந்து பேக்கேஜ்களைச் சுருக்கிக் கட்டும் முறையை இசட்-ஸ்டாண்டர்டு என்ற புது முறைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய லினக்ஸுக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. இணையத்தில் ஒரு வழி பார்த்து, என் கணினியில் பிரித்து, பழைய முறையில் திரும்பக் கட்டிக் கொண்டுபோனேன். அப்போது எனக்கு என் மேலேயே ஒரு பெருமை.

இரண்டாவது செய்தி: பேக்கேஜின் ஆர்க்கிடெக்சர் ஏஎம்டி64, இந்தக் கணினியின் ஆர்க்கிடெக்சர் ஐ386, இரண்டும் பொருந்தவில்லை. அதாவது பேக்கேஜ் 64-பிட், அவள் லினக்ஸ் 32-பிட். இங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஃபோர்ஸ் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் டிபிகேஜி வாயை மூடிக்கொண்டு ஏற்றிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். சேர்த்தேன். ஏறியது. மூன்றாவதாக, இது வேண்டும் அது வேண்டும் என்று சார்புகளைப் பற்றிப் புலம்பியது. அதற்கும் ஃபோர்ஸ்.

எடிட்டரைத் திறந்தால், இந்த பைனரி கோப்பை இயக்க முடியாது என்றது. சரி, ஒருமுறை அணைத்துப் போடலாம் என்று ரீஸ்டார்ட் செய்தேன். கருப்புத் திரை. யூசர் பெயர் கேட்டு ஒரு வரி மினுக்கிக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப் போய்விட்டது.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்ல சார்" என்றாள். அந்த "பரவால்ல"வை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவனுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

என்ன நடந்தது என்று யோசித்தேன். நம் ஊர் ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரக்கோணம்–காட்பாடி பாதையில் சோளிங்கர் என்று போர்டு இருக்கும். வெளியூர்க்காரர் நம்பி இறங்குவார். இறங்கிப் பார்த்தால் ஊரையும் காணோம், மலையையும் காணோம். ஊர் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஸ்டேஷன் பாணாவரம் பக்கம். பெயர் ஒன்றுதான், ஊர் வேறு. நான் ஏற்றிய லைப்ரரிகளின் கதையும் இதேதான். என் கணினியில் இருந்த லைப்ரரிக்கும் அவள் கணினியில் இருந்த லைப்ரரிக்கும் ஒரே பெயர். பழைய டிபிகேஜி பெயரைப் பார்த்து, "ஓ, புது வெர்ஷன் வந்திருக்கிறது" என்று அவளுடைய 32-பிட் கோப்புகளை எடுத்துவிட்டு என்னுடைய 64-பிட் கோப்புகளை வைத்துவிட்டது. அந்த லைப்ரரியை நம்பித்தான் அவளுடைய டெஸ்க்டாப் முழுக்க நின்றுகொண்டிருந்தது. தூணை உருவிவிட்டு, அதே பெயருள்ள வேறு அளவுத் தூணை முற்றத்தில் நிறுத்தி வைத்த மாதிரி.

மறுநாள் காலை அவளுடைய அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கம்பெனி வேன் வர நேரமிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கணினி தெரியாது. ஆனால் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க கம்பெனியிலயும் இந்தக் கூத்து நடக்கும் சார். அப்பரு ஒரு யூனிட்ல தெச்சி வரும், சோலு வேற எடத்துலருந்து வரும். ரெண்டுலயும் எட்டாம் நம்பர்னுதான் போட்டிருக்கும். ஆனா லாஸ்ட் வேறயா இருந்தா ஒட்டாது. இழுத்துப் புடிச்சி ஒட்டினா அன்னிக்குப் பாக்க நல்லாத்தான் இருக்கும். அப்புறம் ஆர்டரே திரும்பி வந்துடும்."

லாஸ்ட் என்றால் ஷூவைக் கட்டி எழுப்பும் கால் வடிவ அச்சு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகச் சொன்னேன். நான் மூன்று நாளாகத் தேடிய விளக்கத்தை அந்த அம்மா வேனுக்குக் காத்திருந்த ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். பேக்கேஜின் பெயரும் வெர்ஷனும் சைஸ் நம்பர் மாதிரி. எந்த அச்சில் கட்டியது என்பதுதான் கேள்வி. கணினியில் அந்த அச்சு மூன்று விஷயங்களால் ஆனது. ஒன்று, எந்த வகைப் பிராசசருக்குக் கட்டியது. இரண்டு, எந்த இயங்குதளத்தின் எந்த வெளியீட்டுக்குக் கட்டியது. மூன்று, கட்டும்போது எந்தெந்த லைப்ரரி எந்த வெர்ஷனில் இருந்தது.

இனி மீட்ட கதை. முன்னாள் மாணவன் ஒருவன் போன வருடம் கொடுத்த பென்டிரைவ் ஒன்று இருந்தது. டெபியன் 12, நேரடியாக பென்டிரைவிலிருந்தே ஓடும் வகை. மேலே "64-பிட்" என்று சீட்டு ஒட்டியிருந்தான். 32-பிட் லேப்டாப்பில் இது ஓடாது என்ற நினைப்போடுதான் செருகினேன், வேறு கையில் இல்லாததால். ஓடியது!

எனக்கு நம்பிக்கை வரவில்லை. டெர்மினலைத் திறந்து எல்எஸ்சிபியூ என்று அடித்தேன். பிராசசர் 32-பிட், 64-பிட் இரண்டிலும் ஓடும் என்று காட்டியது. அதாவது அந்த லேப்டாப் வாங்கிய நாளிலிருந்தே 64-பிட் லேப்டாப்தான். அதில் போட்டிருந்த இயங்குதளம் மட்டும்தான் 32-பிட். நான் இயங்குதளத்தைக் கேட்டுவிட்டு மெஷினையே எடை போட்டுவிட்டேன். இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்கு என் பழைய வகுப்பறை ஞாபகம் வரலாம். "பி செக்ஷன்" என்று உட்கார வைத்துவிட்டு, அதற்கு மேல் இவனுக்கு வராது என்று நாங்கள் சொன்ன பிள்ளைகள் இருக்கிறீர்கள். அதில் ஒருவன்தான் இந்த பென்டிரைவைக் கொடுத்தான். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டாம்.

அவள் கோப்புகள் ஹோம் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. முதலில் அவற்றை வேறு பென்டிரைவில் எடுத்து, என் கணினியில் திறந்து பார்த்துச் சரிபார்த்தோம். பிறகு அண்ணனிடம் சம்மதம் வாங்கி, பழையதை எல்லாம் அழித்துவிட்டு டெபியன் 12ஐ 64-பிட்டிலேயே போட்டோம். 2 ஜிபி ராம்தான், அதனால் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப். அண்ணனின் செல்போன் ஹாட்ஸ்பாட்டை ஐந்து நிமிடம் போட்டு, டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே ஜீனியை இறக்கினோம். சில எம்பிதான். சில எம்பி டேட்டாவை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் இத்தனை கூத்தும் அடித்திருக்கிறேன். அடுத்த வீட்டு அடுப்பில் பொருந்தும் பர்னரைக் கழற்றிவந்து நம் அடுப்பில் மாட்டுவதைவிட, நம் அடுப்புக் கம்பெனி கடையில் கேட்பது நல்லது.

இனி என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலாவது. பிழைச் செய்தி திட்டு அல்ல, பதில். நான் செய்த காரியத்தில் கணினி மூன்று முறை மரியாதையாகச் சொன்னது. மூன்று முறையும் நான்தான் காதை மூடிக்கொண்டேன். ஃபோர்ஸ் என்பது என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்கான கருவி. தெரியாதவன் கையில் அது பிரம்பு. பிரம்பால் எந்தப் பிள்ளைக்கும் கணக்கு வந்ததாக என் நாற்பது வருடத்தில் நான் பார்க்கவில்லை. அதேபோல ஏபிடி ஒரு பட்டியலைக் காட்டி "இவை நீக்கப்படும், சரியா?" என்று கேட்டால், ஒய் அழுத்துவதற்கு முன் பட்டியலைப் படியுங்கள். பேங்க் படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்களா?

இரண்டாவது. ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். இரண்டு கணினிகளிலும் நாலே நாலு கேள்விகள். யூனேம் -எம் என்று அடித்தால் இப்போது ஓடும் கெர்னல் எந்த வகை என்று தெரியும். டிபிகேஜி --பிரின்ட்-ஆர்க்கிடெக்சர் என்றால் பேக்கேஜ்கள் எந்த வகை வேண்டும் என்று தெரியும். எல்எஸ்சிபியூ மெஷினின் உண்மையான தகுதியைச் சொல்லும். ஈடிசி ஃபோல்டரில் ஓஎஸ்-ரிலீஸ் என்ற கோப்பைத் திறந்தால் இயங்குதளத்தின் பெயரும் வெளியீடும் இருக்கும். இந்த நாலையும் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி வையுங்கள். பொருந்தாத வரி கண்ணில் தானாகப் படும். பிறகு, டிபிகேஜி --இன்ஃபோ என்று போட்டு பேக்கேஜ் கோப்பின் பெயரைக் கொடுத்தால், ஏற்றாமலே அதன் ஆர்க்கிடெக்சரையும் அது என்னென்ன கேட்கிறது என்பதையும் காட்டும். ஏபிடியில் -எஸ் சேர்த்தால் ஒத்திகை மட்டும் பார்த்துச் சொல்லும், எதையும் தொடாது. நான் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

மூன்றாவது, பழையது புதியது பற்றிய ஒரு விதி. இதை எல்லோரும் தலைகீழாகவே நினைக்கிறார்கள். ஜிலிப்சி என்பது லினக்ஸில் ஏறத்தாழ எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி. அதன் பழைய வெர்ஷனில் கட்டிய நிரல் பொதுவாகப் புதிய வெர்ஷனில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓட மறுக்கலாம். பத்தாம் வகுப்பு வாத்தியாருக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இருபடிச் சமன்பாட்டை நீட்டினால் அது என்ன செய்யும்? உபுண்டு 22.04ல் ஜிலிப்சி 2.35, டெபியன் 11ல் 2.31, டெபியன் 12ல் 2.36. இந்த எண்களைப் பார்த்தாலே எதிலிருந்து எதற்குக் கொண்டுபோகலாம் என்று பாதி தெரிந்துவிடும்.

லைப்ரரியின் உள்வடிவம் மாறும்போது அதன் பெயரையே மாற்றிவிடும் நல்ல பழக்கமும் இவர்களிடம் இருக்கிறது. உபுண்டு 20.04ல் லிப்எஸ்எஸ்எல்1.1 என்று இருந்தது 22.04ல் லிப்எஸ்எஸ்எல்3 ஆனது அப்படித்தான். உபுண்டு 24.04லும் டெபியன் 13லும் பல லைப்ரரிப் பெயர்களின் வாலில் டி64 என்று இருக்கும். 32-பிட்டில் நேரத்தை எண்ணும் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று தீர்ந்துவிடும். அதற்காக நேரத்துக்கு 64-பிட் இடம் கொடுத்தபோது வந்த பெயர் மாற்றம் அது. பெயர் மாறியிருந்தால் "கிடைக்கவில்லை" என்று நின்றுவிடும். அது நல்லது. கிடைத்தது போலத் தெரிந்து உள்ளே வேறாக இருப்பதுதான் ஆபத்து.

நாலாவது, இது நம் தமிழ்நாட்டுக்குப் புதிய வியாதி இல்லை. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம், அப்போது நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் அவர்கள் காலத்தில், சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாறியது. சூசேயில் பேக்கேஜ்கள் ஆர்பிஎம் வகை. பிறகு மடிக்கணினியில் வந்த பாஸில் டெப் வகை. இரண்டும் லினக்ஸ் என்றுதான் நாம் சொல்லிக்கொண்டோம். அதற்கும் முன்னால் நம் எழுத்துக்கே இந்தக் கதி இருந்ததே! ஒரு கணினியில் வானவில் எழுத்துருவில் வினாத்தாள் அடித்து, பிளாப்பியில் கொண்டுபோய் பாமினி இருக்கும் கணினியில் திறந்தால் ஏதோ மந்திரம் மாதிரி வரும். இரண்டுமே தமிழ்தான், ஆனால் உள்ளே எண்கள் வேறு. 2010ல் அரசே யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகுதான் அந்தத் தலைவலி மெல்லக் குறைந்தது. அது தீர்ந்ததற்குக் காரணம் யாரும் கெட்டிக்காரர் ஆனது இல்லை, எல்லோரும் ஒரே அச்சுக்கு ஒத்துக்கொண்டதுதான்.

கேரளத்தைப் பாருங்கள். 2001ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017ல் கைட் என்று மாறிய அரசு நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரே இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கென்றே தயார் செய்து கொடுக்கிறது. ஒரு பள்ளியில் கற்றது இன்னொரு பள்ளியில் செல்லும். நம் பக்கம் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு இருக்கிறது. பாடத்தில் இருப்பது கணினியிலும் இருக்கிறதா என்பதை அந்தந்தப் பள்ளியில் படித்த நீங்கள் சொல்லுங்கள்.

இப்போது ஏன் இதை அவசரமாக எழுதுகிறேன்? 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று அரசு அறிவித்தது. மகிழ்ச்சி. ஆனால் தங்கை கையில் புதியதும் அண்ணன் கையில் 2012ல் வாங்கியதும் ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப்போகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஆசை எல்லா வீட்டிலும் வரும். இன்னொரு பக்கம், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றுக்கு மிஞ்சியிருக்கும் கதவு லினக்ஸ்தான். அந்தக் கதவும் குறுகுகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ 32-பிட் கணினியில் புதிதாக நிறுவ வழியில்லை. அதனால்தான் சொல்கிறேன், பரணில் கிடப்பது உண்மையிலேயே 32-பிட் மெஷினா, அல்லது 32-பிட் சட்டை போட்ட 64-பிட் மெஷினா என்று பார்க்காமல் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

என் தங்கை மகன் பெங்களூரில் இருக்கிறான். இதைச் சொன்னதும், "மாமா, இதெல்லாம் பழைய கதை. இப்ப ஃப்ளாட்பேக் இருக்கு, டாக்கர் இருக்கு. எல்லா லைப்ரரியையும் கூடவே மூட்டை கட்டி அனுப்பிடுவோம்" என்றான். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை, அந்த மூட்டையும் 64-பிட்டுக்குக் கட்டியது என்றால் 32-பிட்டில் அவிழாது. மூட்டையின் கனமும் அதிகம். சில எம்பியில் முடியும் வேலைக்குச் சில நூறு எம்பி இறக்கச் சொல்கிறாய். உன் ஆபீசில் அது கணக்கே இல்லை. தினசரி டேட்டா தீர்ந்ததும் வாட்ஸ்அப் கூட சுற்றிக்கொண்டே இருக்கும் வீட்டில் அது கணக்கு.

"புதுசு வாங்கிக் கொடுத்துவிடலாமே சார்" என்று இரண்டு பேர் போன் செய்தீர்கள். உங்கள் மனசு பெரியது. ஆனால் ஒரு பிள்ளைக்கு வாங்கலாம், தெருவுக்கே வாங்க முடியாது. எனவே என் கோரிக்கை வேறு.

பள்ளிக்கோ நூலகத்துக்கோ கணினி கொடுக்கும் பழைய மாணவர்களே, ஆளுக்கொரு வெர்ஷன் போட்டுக் கொடுக்காதீர்கள். உங்களுக்குள் பேசி ஒரே இயங்குதளம், ஒரே வெளியீடு, ஒரே வகை என்று முடிவு செய்யுங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி மெஷின் மேல் ஒட்டுங்கள். அந்த பென்டிரைவ் பையன் ஒட்டிய சீட்டுதான் எனக்குக் கண் திறந்தது. முடிந்தால் களஞ்சியத்தின் நகல் ஒன்றை அந்தப் பள்ளியின் ஒரு கணினியில் வைத்துவிடுங்கள். டேட்டா இல்லாத பிள்ளையும் அங்கே வந்து தன் மெஷினுக்குப் பொருந்தும் பேக்கேஜை எடுத்துப்போகும். என்னைப் போன்ற கிழவர்கள் பென்டிரைவோடு கிளம்ப வேண்டியிருக்காது.

மென்பொருள் எழுதும் பிள்ளைகளே, உங்கள் மேசையில் இருக்கும் புத்தம் புதிய கணினியில் மட்டும் கட்டிப் பார்த்துவிட்டு "என்கிட்ட ஓடுது" என்று சொல்லாதீர்கள். பயன்படுத்துபவர்களிடம் இருப்பதில் எது மிகப் பழையதோ, அதில் கட்டுங்கள். விதிதான் சொன்னேனே, பழையதில் கட்டியது புதியதிலும் ஓடும்.

கடைசியாக அந்தப் பெண்ணின் செய்தி. செய்முறைத் தேர்வு முடிந்தது, நன்றாகச் செய்தாள். அடுத்த வாரம் கல்லூரி லேபில் சி++ல் ஒரு புரோகிராம் எழுதி, கம்பைல் ஆன கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தாள். லேபில் உபுண்டு 24.04. அவளுடைய லேப்டாப்பில் ஓடவில்லை. ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 இல்லை என்றது. நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் ஓஎஸ்-ரிலீஸைத் திறந்து பார்த்தாள். நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதினாள். பிறகு தலையில் தட்டிக்கொண்டாள்.

"சார், லேபு புதுசு, நம்மளுது அதுக்கு முந்துனது. அங்க சுட்ட இட்லிய இங்க கொண்டாந்துட்டேன். மாவக் கொண்டாந்திருக்கணும்."

மறுநாள் மூல நிரலைக் கொண்டுவந்து இங்கேயே கம்பைல் செய்தாள். ஓடியது. ஃபோர்ஸ் என்ற சொல்லை அவள் தேடவே இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கி, எல்எஸ்சிபியூ அடித்துப் பாருங்கள். என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள். 64-பிட் என்று வந்து, உங்களுக்குத் தேவையில்லை என்றால், தூக்கிப் போடாமல் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். எங்கள் தெருவில் இன்னும் மூன்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இந்தமுறை முதலில் தாளில் எழுதிவிட்டுத்தான் கை வைப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
சோளிங்கர்.